கை நனைக்காத சனிக்கிழமை

1

எங்கள் வீட்டில் திராட்சை வாங்குவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொன்றியலுக்கு வந்து இந்தச் செப்டம்பரோடு இருபத்து நாலு வருஷம் முடிகிறது. கடையில் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பக்கம் நான் தள்ளுவண்டியைத் திருப்பியதே இல்லை. செல்விக்கு ஆசையாக இருந்தால் அவளே வாங்கி, வேலை செய்கிற இடத்துக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வாள். செல்வி என் மனைவி. மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் பார்க்கிறாள்.

கம்பம் பக்கத்துக்காரன் திராட்சை தின்னமாட்டானா என்று சிரிப்பீர்கள். நீங்களெல்லாம் குமுளி போகிற வழியில் காரை நிறுத்தி, பந்தலுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஆட்கள். நான் அதே பந்தலுக்குக் கீழே மருந்து டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தவன். கண்ணெரிச்சலோடு பள்ளிக்கூடம் போனவன். காய் பழுத்து வரும் நேரத்தில் வானம் மூடினால் எங்கள் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சோறு இறங்காது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மழை விழுந்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்துக்கு வியாபாரி வரமாட்டான். நான் அடம்பிடித்து இன்ஜினியரிங் படித்ததே, வானத்தைப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வேலை வேண்டும் என்றுதான். கிடைத்தது. புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பெனியில் பம்ப் வடிவமைக்கிறேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலே கிடையாது. நிம்மதி.

நிம்மதி என்று எழுதிவிட்டேன், செல்வி படித்தால் சிரிப்பாள். சனிக்கிழமை விடிந்தால் போதும், கார் சாவியை எடுப்பேன், வைப்பேன். டொரன்டோவுக்கே போய்விடலாமா என்பேன். அரைமணி கழித்து, கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட் பார்க்கலாமா என்பேன். கீழ்த்தளத்து அறைக்கு இறங்கிப்போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஏறி வருவேன். "கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்பாள். இருபத்து நாலு வருஷமாக இதுதான் நடக்கிறது.

2

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளைக் கொண்டாடுவது மகள் கயலின் ஏற்பாடு. அப்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது மருந்தாளுநர், தனி வீடு, தனி கார், எங்களுக்கு வாரத்துக்கு ஒரு போன். வழக்கமாக அந்த நாளில் எங்காவது கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பாள். இந்த வருஷம் திட்டம் பெரிதாக இருந்தது.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள்ப்பா. கிராமத்துச் சந்தை, அப்புறம் வைன் தோட்டங்கள். நான்தான் ஓட்டுவேன். நீங்க பேசாம வரணும்."

"திராட்சையைப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம்? அதைப் பாக்கக் கூடாதுன்னுதானே ஏழு கடல் தாண்டி வந்தேன்."

"ஒரு தடவை எனக்காக வாங்க."

எனக்காக என்று அவள் கேட்டு வெகுநாளாகிவிட்டது. சரி என்றேன்.

சனிக்கிழமை காலை தயிர்சாதத்தையும் புளியோதரையையும் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு சிவம் அண்ணை வேலியோரம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"என்ன தம்பி, விடியவே வெளிக்கிட்டாச்சு?"

"பொண்ணு வைன் தோட்டம் காட்டறாளாம் அண்ணை."

"புரட்டாசிச் சனியிலயோ? தங்கச்சி விரதமெல்லே?" என்று செல்வியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லதா ஒண்டு எனக்கும் கொண்டு வாங்கோ. பேந்து கதைப்பம்" என்றார்.

கயல் வந்து இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தச் சட்டையா போட்டுட்டு வரீங்க?"

"சந்தைக்கு இது போதாதா?"

"போதும்" என்றாள். ஆனால் செல்வி உள்ளே போய் என் நல்ல நீலச் சட்டையை எடுத்துவந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3

பாலம் தாண்டி ஒன்றரை மணி நேரம். ஒரு சர்ச்சுக்கு எதிர்த்த மைதானத்தில் சந்தை போட்டிருந்தார்கள். ஆப்பிள், மக்காச்சோளம், சடை பின்னித் தொங்கவிட்ட பூண்டு, குழந்தை உட்காரும் அளவுக்குப் பூசணி. ஊர்ச் சந்தையில் இருக்கும் கூச்சல் மட்டும் இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் மெதுவாகப் பேசினார்கள்.

செல்விக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கத்திரிக்காயும் பச்சைத் தக்காளியும் வாங்கி முடித்து, பையை மூடாமல் விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைக்காரப் பெண்ணுக்குப் புரியவில்லை. செல்வி கொத்தமல்லிக் கட்டைக் கண்ணால் காட்டினாள். கொசுறு! எந்த நாட்டுக்குப் போனாலும் இவள் கொசுறு வாங்காமல் நகரமாட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு கைப்பிடி போட்டாள். மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நாலு தரம் நன்றி சொன்னாள் செல்வி.

கயல் அடிக்கடி மணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கடையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பெரிய 'பை' பலகாரம் ஒன்று வாங்கி அட்டைப்பெட்டியில் கட்டச் சொன்னாள்.

"இது யாருக்கு?"

"சும்மாதான்ப்பா."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.  திரும்பிப் போகலாமா என்று ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

4

கயல் அந்தக் கடைக்காரர்களிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. இங்கே வந்தேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். ஆக, எட்டு வயதில் அவள்தான் எங்கள் வீட்டின் வாய். என் ஆபீஸில் ஆங்கிலம் போதும். அரசாங்கக் கவுன்ட்டரில் போதாது. சாயங்கால வகுப்புக்கு மூன்று தடவை பேர் கொடுத்து மூன்று தடவையும் பாதியில் விட்டவன் நான்.

மருத்துவ அட்டையைப் புதுப்பிக்க ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பேப்பரைத் திருப்பித் தள்ளிவிட்டு மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். முகம் கடுகடுவென்று இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "இன்னொரு பேப்பர் கொண்டுவரச் சொல்றாங்கப்பா. நல்லவங்க" என்றாள் கயல். எனக்கு ஆத்திரம். "இவளுக்கு மண்டையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்றேன். குழந்தை நிமிர்ந்து பார்த்து ரெண்டு வார்த்தை சொன்னது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருக்கிறாள் என்பது, எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு புரிய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

அப்படி எத்தனை இடத்தில் ரெண்டு பக்கப் பேச்சையும் வழித்துத் துடைத்துக் கொடுத்திருப்பாளோ. பள்ளிக்கூட ஆசிரியர் எங்களைப் பற்றிச் சொன்னது, வீட்டுக்காரர் சொன்னது எதுவும் எனக்கு முழுசாக வந்து சேர்ந்ததில்லை. அதனால் அவள் மொழிபெயர்த்தால் பாதியைத்தான் நம்புவேன். மீதியை அவள் முகத்தில் தேடுவேன்.

5

முதலில் போன ரெண்டு வைன் தோட்டங்களும் சுற்றுலாக்காரர்களுக்கானவை. கண்ணாடி அலமாரிகள், விலைச்சீட்டு, பாட்டு. நான் ஒரு மிடறு வாங்கி, முகத்தைச் சுளித்து, வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். மூன்றாவதாக டன்ஹம் ஊரைத் தாண்டி ஒரு மண்பாதையில் திருப்பினாள். பெயர்ப்பலகைகூடச் சின்னதுதான்.

நம் ஊர்ப் பந்தல் மாதிரி இல்லை. கொடிகளை இடுப்பு உயரத்துக்குமேல் விடவில்லை. கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டி, பறவை கொத்தாமல் வலை போர்த்தியிருந்தார்கள். பனிக்காலம் வரும்முன் கொடியின் அடியை மண்ணால் மூடிப் புதைத்துவிடுவார்கள் என்றாள் கயல். இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் ஒரு பெரிய கறுப்பு நாய் காரை நோக்கிப் பாய்ந்து வந்தது. செல்வி கதவைச் சாத்திக்கொண்டாள்.

கயல் இறங்கி, விரலை நீட்டி, "உக்காரு" என்றாள்.

நாய் உட்கார்ந்தது.

அந்த நாய்க்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஒரு நாளில் வருகிற தமிழா அது? 

கொட்டகைக்குள்ளிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர், ரெஜான். பின்னால் அவர் மகன் எமில், முப்பது இருக்கும், நெடுநெடுவென்று. ரெஜான் எனக்குக் கை கொடுக்க வந்தவர், கொடுக்கும்முன் ஒரு நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டார். மேற்கே கொஞ்சம் மூட்டமாக இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் அய்யாவின் பார்வை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

நாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மற்றவர்களுக்குப் பின்னால் நான் உள்ளே போனேன். நீளமான மேசையில் தட்டு வைத்திருந்தார்கள். ரொட்டி, சீஸ், ஆப்பிள் துண்டு, வால்நட். செல்விக்கு விரதம் என்று கறி எதுவும் இல்லை. அதாவது, முன்கூட்டியே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கயல் கேட்காமலே அலமாரியைத் திறந்து கிளாஸ்களை எடுத்தாள். எங்கே எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எடுத்து வைத்துவிட்டு, எமில் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னாள்.

"அப்பா, நானும் எமிலும் ரெண்டு வருஷமாப் பழகறோம். கல்யாணம் பண்ணிக்கப் போறோம். மருந்துக்கடை வேலையை ரெண்டு நாளாக் குறைச்சுட்டு, இங்கயே இருந்து தோட்டத்தைப் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

நான் செல்வி பக்கம் குனிந்தேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்கமாட்டோம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். "கை நனைக்காத" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நனைச்சாச்சுங்க."

"எப்ப?"

"நீங்க நாயைப் பாத்துட்டு நின்னப்ப. ரெண்டு துண்டு."

"உனக்குத் தெரியுமா?"

"ஜூன்லேருந்து" என்றாள், வால்நட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே.

6

பையன் வெள்ளைக்காரன் என்பதற்காக நான் கோபப்படவில்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் நிஜம். அதற்குப் பத்து வருஷமாக மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் திராட்சைத் தோட்டக்காரன்! அதற்கு நான் தயாராக இல்லை.

ஊரில் இன்றைக்குத் தோட்டக்காரனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? என் தம்பி முருகேசன் அய்யாவின் தோட்டத்தை வைத்துக்கொண்டு நாற்பது வயது வரை பெண் கிடைக்காமல் அலைந்தான். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. ரெண்டு வருஷம் முன்னால் சித்தப்பா மகன் பாண்டி, தன் மகளுக்குச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு வரன், நாலு ஏக்கர் திராட்சை, பையன் தங்கமானவன் என்று போன் பண்ணி யோசனை கேட்டான். "வேண்டாம்டா. ஓசூர்ல எதாவது கம்பெனிக்காரனாப் பாரு. பொண்ணைப் பந்தலுக்குக் கீழ தள்ளாத" என்றேன். பாண்டி என் பேச்சைக் கேட்டான். அன்றைக்கு ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமைகூட இருந்தது.

ரெஜான் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் கயலிடம் ஏதோ கேட்டார். கோதுமை ஒத்துக்கொள்ளாதா, பால் ஒத்துக்கொள்ளாதா, மதத்தில் ஏதாவது விலக்கா என்று. கயல் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். வயிறு சரியில்லை என்றோ, வரும்போதே சாப்பிட்டோம் என்றோ.

அவள் அப்படியே சொல்லிவிட்டாள். கை நனைத்தால் சம்மதம், அதனால்தான் அப்பா தொடவில்லை என்று.

 ரெஜான் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். எமில் பதறிப்போய் ஏதோ சொன்னான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். நாட்டுப்புறத்து பிரெஞ்சு. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. கயல் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள்.

"முதல்ல தான் சொல்றதைக் கேளுங்கங்கறார். கேட்டுட்டு அப்புறம் சாப்பிடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்கங்கறார்."

"சொல்லச் சொல்லு."

"இருபத்தி ஆறு வருஷமா ஒரு கோடைக்குக்கூட லீவு எடுத்ததில்லையாம். மே மாசத்துல ஒரே ஒரு நாள் உறைபனி விழுந்தா மொட்டெல்லாம் கருகிடும்ங்கறார். ஒரு வருஷம் பாதிக்கு மேல போயிடுச்சாம்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். 

"எமிலோட அம்மா இந்தத் தோட்டத்தாலதான் விட்டுட்டுப் போனாங்களாம். அவங்க மேல தப்பே இல்லைங்கறார். தனக்கு ஒரு பொண்ணு இருந்தா... திராட்சைக்காரனுக்குக் குடுக்கமாட்டேங்கறார்."

நான் பாண்டியிடம் சொன்னதை அந்த மனுஷன் தன் வீட்டில் உட்கார்ந்து தன் மகன் முன்னால் சொல்கிறார். என் கண் கயலின் முகத்திலேயே இருந்தது. எங்கே மழுப்புகிறாள், எதை விழுங்குகிறாள் என்று. ரெஜான் கடைசியாக அவளை நோக்கிக் கையை நீட்டி ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குத் தெரியும். பைத்தியம்.

இதைச் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்.

"உங்க பொண்ணுக்குப் பைத்தியம்ங்கறார்" என்றாள் கயல். குரல் உடைந்தது. ஆனால் சொல் மாறவில்லை.

எட்டு வயதிலிருந்து ஊருலகத்தின் கடுஞ்சொல்லையெல்லாம் எங்கள் காதுக்கு வராமல் தடுத்தவள். இன்றைக்குத் தன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும்போது, தனக்கு எதிரான பேச்சில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை.  இவளை நான் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ என்னம்மா சொல்ற?" என்றேன்.

"இன்னும் அவர் முடிக்கலைப்பா. முடிக்கட்டும்."

ரெஜான் தலையை ஆட்டினார். முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான்" என்றாள். "மார்ச்சுல பனிக்குள்ள நின்னு கவாத்துப் பண்ணினேன். விரல் வெட்டிடுச்சு. பூனை பிராண்டிடுச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

கொடியை வெட்டிச் சீராக்குவதற்குச் சொல்லும் கவாத்து என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. "யாருகிட்டக் கேட்ட?"

"முருகேசன் சித்தப்பாகிட்ட. வாராவாரம் பேசுவோம்."

ஆக, கம்பம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தன்தான் பாக்கி.

"நீங்க அதுக்குள்ளயே பொறந்துட்டீங்கப்பா. உங்களை யாரும் கேக்கலை. நான் ரெண்டு வருஷம் பாத்துட்டு, தெரிஞ்சேதான் வரேன்" என்றாள்.

 எமில் மேசையின் மரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். செல்வி என்னைப் பார்க்காமல் கத்திரிக்காய்ப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நாய் ஒரு தடவை குரைத்து அடங்கியது.

"கயல்."

"சொல்லுங்கப்பா."

"அந்தத் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

அவள் ரெஜான் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தாள். ரெஜான் அவளையும் பார்த்து, நீட்டியிருந்த என் கையையும் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளால் எனக்கு மொழிபெயர்க்க முடியவில்லை.

தட்டு தானாக வந்தது. ரொட்டி கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. சாப்பிட்டேன். அப்புறம் அந்தப் பையன் ஒரு கிண்ணத்தில் திராட்சை கொண்டுவந்து வைத்தான். அதையும் சாப்பிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை மாலை லாசாலுக்கு வந்து சேர்ந்தோம். சிவம் அண்ணைக்கு ஒரு பாட்டில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இனி நீங்கள் தோட்டக்காரச் சம்பந்தி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டிக்குப் போன் பண்ண வேண்டும். என்ன சொல்வது? நான் வேண்டாம் என்று தள்ளிய அந்தச் சின்னமனூர்ப் பையனுக்குப் பெண் அமைந்ததா என்று கேட்கவேண்டும். ரெண்டு தடவை போனை எடுத்து, ரெண்டு தடவையும் வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் இன்னும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது போனில் வானிலையைத் திறந்தேன். மொன்றியலுக்கு மழை வருமா என்று நான் என்றைக்கும் பார்த்ததில்லை, எனக்கு எதற்கு? டன்ஹம் என்று தட்டினேன். சாயங்காலத்துக்கு மேக மூட்டம் என்று காட்டியது. இன்னும் ஒரு வாரம் பழம் கொடியில் இருக்கவேண்டும் என்று ரெஜான் சொல்லியிருந்தார். டிபன் பெட்டியை மேசையில் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், தெற்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வாங்க, மழை வராது" என்றாள் செல்வி சமையலறையிலிருந்து.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜூன்லேருந்து நானும் தினம் பாத்துட்டுத்தானே இருக்கேன்."